லோன் அக்ரிமென்ட்ல "டிஸ்ட்ரெஸ்ட் அசெட்"னு ஒரு க்ளாஸ் இருக்கே, அப்படின்னா என்ன? அதை காட்டி என் வீட்டை வேற யாருக்காவது வித்துடுவாங்களா?

வீட்டை இல்லைங்க, உங்க கடனை. முதல்ல இதை மனசுல வாங்கிக்கங்க. இந்த ஒரு குழப்பத்துலதான் எங்க சொந்தக்காரங்க பாதி பேரு "உங்க வீட்டை பேங்க்ல யாருக்கோ வித்துட்டாங்களாமே"ன்னு துக்கம் விசாரிக்கற மாதிரி வந்து எங்கம்மாவ அழ வெச்சாங்க. பேங்க் கணக்குல நாம திருப்பி தர வேண்டிய பணம்தான் அவங்களுக்கு அசெட். தவணை ஒழுங்கா வர்ற வரைக்கும் அது நல்ல அசெட், நின்னு போய் முழுசா வருமா வராதான்னு சந்தேகம் வந்துட்டா டிஸ்ட்ரெஸ்ட் அசெட், நம்ம நாட்டு பேங்க்காரங்க அதிகமா சொல்றது ஸ்ட்ரெஸ்ட் அசெட். தவணை தேதி தாண்டி 30 நாள் வரைக்கும் எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏன்னா தவணை தவற ஆரம்பிச்ச, கண்காணிக்க வேண்டிய கணக்கு), 31லேர்ந்து 60 வரைக்கும் எஸ்எம்ஏ-1, 61லேர்ந்து 90 வரைக்கும் எஸ்எம்ஏ-2, 90ஐ தாண்டுனா என்பிஏ, அதாவது வராக்கடன். ரிசர்வ் பேங்க் 2021 செப்டம்பர்ல போட்ட லோன் கைமாத்தற விதிகள்ல என்பிஏ மட்டும் இல்ல, இந்த எஸ்எம்ஏ லோனும் ஸ்ட்ரெஸ்ட் கணக்குலதான் வரும்.

உங்க அக்ரிமென்ட்ல இருக்கற க்ளாஸ் அநேகமா இதுதான் சொல்லும்: கடன் இந்த நிலைமைக்கு போனா உங்க சம்மதம் கேக்காம வேற பேங்க்குக்கோ, வராக்கடனை வாங்கி வசூல் பண்ற அசெட் ரீகன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனிக்கோ, அதாவது ஏஆர்சிக்கோ, அவங்க மாத்தி விடலாம். அந்த வரிய அடிச்சுட்டுதான் கையெழுத்து போடுவேன்னு சண்டை போட்டு பிரயோஜனம் இல்லைங்க. கோர்ட்டுக்கு போகாமயே பேங்க் அடமான சொத்தை எடுத்து விக்க வழி பண்ற, 2002ல வந்த சர்ஃபேசி சட்டத்துல 5வது பிரிவே ஏஆர்சிக்கு அந்த உரிமைய கொடுக்குது. பேங்க்குங்க தங்களுக்குள்ள கடனை வித்துக்கறதும் செல்லும்னு சுப்ரீம் கோர்ட் 2010லயே சொல்லிடுச்சு. நூறு கோடி, ஆயிரம் கோடின்னு வாங்கற கம்பெனிங்க மட்டும் வக்கீல் வெச்சு பேசி "நான் டீஃபால்ட் ஆகற வரைக்கும் டிஸ்ட்ரெஸ்ட் ஃபண்டுக்கு விக்கக்கூடாது"ன்னு எழுதி வாங்குவாங்க. உங்களுக்கும் எனக்கும் அச்சடிச்ச ஃபார்ம்தான்.

நான் வக்கீல் இல்ல, ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன். "கடன் வாங்குனா கட்டணும், தப்பிக்கறதுக்கு பாடம் எடுக்கறியா"ன்னு யாராவது வருவீங்க, தெரியும். நாங்க கட்டிட்டோம். சொந்த நகைய வித்து கட்டிட்டோம். அதனால இதை எழுத எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கறேன்.

அப்பாவுக்கு கோயம்புத்தூர் கணபதியில லேத் பட்டறை. பம்ப்செட் பார்ட்ஸ் ஜாப் ஒர்க். 2018ல ஒரு சிஎன்சி மெஷின் எடுக்கறதுக்காக வீட்டு பத்திரத்தை வெச்சு லோன் போட்டாரு. 2020 மார்ச்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் மொரட்டோரியம், அதாவது தவணை தள்ளிவைப்பு, அதுக்கப்புறம் கோர்ட் தடை இருந்ததால 2021 மார்ச் வரைக்கும் யாரையும் புதுசா என்பிஏ பண்ணல, சரி இனி எந்திரிச்சுடலாம்னு பாத்தா மே மாசம் ரெண்டாவது அலை, திரும்ப ஊரடங்கு, பட்டறை ஷட்டர் இறக்கியாச்சு, மெஷினுக்கு தவணை மட்டும் நிக்கல. அந்த வருஷமே கணக்கு என்பிஏ ஆயிடுச்சு. இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது. என்பிஏ ஆன பிறகு ஒரு தவணை, ரெண்டு தவணை கட்டுனா மறுபடி நல்ல கணக்கு ஆகாது. பாக்கி முச்சூடும், வட்டியோட, கட்டுனாத்தான் மாத்துவாங்க, 2021 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் அதை அழுத்தமா எழுதியே கொடுத்துடுச்சு. அதோட ஒரே பேங்க்ல ரெண்டு லோன் இருந்து ஒண்ணு என்பிஏ ஆனா இன்னொண்ணும் என்பிஏதான், அதுல நீங்க ஒரு நாள் கூட தவறாம கட்டிட்டு இருந்தாலும்.

அப்புறம் அதே சர்ஃபேசி சட்டத்தோட 13(2) பிரிவுல நோட்டீஸ் வந்துச்சு. ரிஜிஸ்டர் போஸ்ட்ல, அப்பா பேருக்கு ஒண்ணு, அம்மா பேருக்கு ஒண்ணு, ஜாமீன் போட்ட எங்க மாமா பேருக்கு ஒண்ணு. 60 நாள்ல மொத்த தொகையும் கட்டு, இல்லன்னா சொத்தை எடுப்போம்னு இருந்துச்சு. அப்பா அதை மடிச்சு சாமி படத்துக்கு பின்னாடி வெச்சுட்டு யாருகிட்டயும் பேசாம உக்காந்துட்டாரு. நான் எடுத்து பாத்தேன். முதல் வேலையா பேங்க்லேர்ந்து முழு ஸ்டேட்மென்ட் வாங்கி, அப்பாவோட சலான் கட்டோட வரி வரியா டிக் போட்டேன். அப்பா ஒவ்வொரு சலானையும் கம்பியில குத்தி வெக்கற ஆளு, அந்த பழக்கம்தான் எங்களை காப்பாத்துச்சு. மூணு இடத்துல பணம் கட்டுன சீல் இருக்கு, ஸ்டேட்மென்ட்ல வரவு இல்ல. அது எந்த கணக்குலயும் சேக்காம ஒதுக்கி வெக்கற சஸ்பென்ஸ் கணக்குல கிடந்துருக்கு. கேக்காமயே ஒரு இன்சூரன்ஸ் பிரீமியமும் லோன்ல ஏத்தி அதுக்கு வட்டியும் போட்டுருந்தாங்க.

நோட்டீசுக்கு பதில் எழுதற உரிமை 13(3ஏ)ல இருக்குங்க. அது சும்மா வந்தது இல்ல. 2004ல மார்டியா கெமிக்கல்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட், கடன்காரன் ஆட்சேபணை சொன்னா பேங்க் அதை பரிசீலிச்சு காரணத்தோட பதில் சொல்லணும்னுச்சு, அதுக்கப்புறம்தான் சட்டத்துலயே சேத்தாங்க. டிஆர்டிக்கு, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு, போகணும்னா 75 சதவீதம் பணத்தை முன்னாடியே கட்டணும்னு இருந்த விதியையும் அதே தீர்ப்புலதான் ரத்து பண்ணாங்க. இப்ப நாம எழுதுனா 15 நாள்ல பேங்க் பதில் சொல்லியாகணும். நான் சலான் நகல் எல்லாம் வெச்சு நேர்ல கொண்டு போய் கொடுத்து, எங்க காப்பியில சீல் வாங்கிட்டுதான் வந்தேன். மேனேஜர் "வாய்ல சொன்னா போதும்மா, பாத்துக்கலாம்"னாரு. போதாதுங்க. தொகைய குறைச்சு அவங்க அனுப்புன பதில் கடிதம் கையில இல்லன்னா பின்னாடி வந்த ஏஆர்சிகிட்ட நான் ஒண்ணும் பேசியிருக்க முடியாது.

ஆமா, அதுக்கு நடுவுலதான் லோனை வித்துட்டாங்க. எங்களுக்கு தெரிஞ்சது ஒரு போன்ல. "மேடம், உங்க அக்கவுன்ட் எங்ககிட்ட வந்துருச்சு, இனிமே எங்களுக்குத்தான் கட்டணும்"னு ஒரு தம்பி மும்பையிலேர்ந்து பேசுனாரு, சொன்ன தொகை பழைய நோட்டீஸ்ல இருந்த தப்பான தொகையேதான், அதுக்கு மேல அன்னிக்கு வரைக்கும் வட்டி. போன்ல யாரு சொன்னாலும் பணம் அனுப்பாதீங்க. லோனை மாத்தி கொடுத்த அசைன்மென்ட் பத்திரத்துல நம்ம கணக்கு இருக்கற பக்கத்தோட நகலும், பழைய பேங்க்லேர்ந்து ஒரு கடிதமும் எழுத்துல கேளுங்க. வித்ததை நமக்கு நோட்டீஸ் போட்டு சொல்றதை சர்ஃபேசி 6வது பிரிவு பேங்க் விருப்பத்துக்கு விட்டுடுது, ஆனா நோட்டீஸ் வராத வரைக்கும் பழைய பேங்க்ல நீங்க கட்டுனது வீணா போகாது, அதை அவங்க ஏஆர்சிக்கு சேத்துத்தான் ஆகணும். இன்னொண்ணு, ஏஆர்சி வந்து நிக்கறது பழைய பேங்க் நின்ன அதே இடத்துலதான். அக்ரிமென்ட்ல இல்லாத புது சார்ஜ், புது வட்டி போட அவங்களுக்கு உரிமை வந்துடாது. நாம பேங்க்கிட்ட வெச்ச ஆட்சேபணை அவங்களையும் கட்டும். போன் பண்றதுக்கும் நேரம் இருக்கு, காலையில 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7க்கு மேலயும் கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் போட்டது ஏஆர்சிக்கும் சேத்துதான்.

பேப்பர்ல பொசெஷன் நோட்டீஸ், அதாவது சொத்தை கைவசம் எடுத்துட்டோம்ங்கற அறிவிப்பு, வந்தது அடுத்த அடி. ரெண்டு பேப்பர்ல போடணும், அதுல ஒண்ணு தமிழ்ல. அப்பா பேரு, அம்மா பேரு, சர்வே நம்பர், வடக்கே யாரு வீடு, தெக்கே எந்த ரோடுன்னு நாலு எல்லையோட. தெக்கு வீட்டுக்காரரே அந்த பேப்பரை கொண்டு வந்து கொடுத்தாரு.

இங்க கொஞ்சம் வேற பேசறேன், பொறுத்துக்கங்க. அப்பா தவணை தவறுன அதே சமயத்துல அவருக்கு வர வேண்டிய ஜாப் ஒர்க் பில் ரெண்டு பெரிய கம்பெனிகிட்ட மாசக்கணக்குல நின்னுட்டு இருந்துச்சு. 2006ல வந்த சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும், தாண்டுனா பேங்க் ரேட்டை விட மூணு மடங்கு கூட்டு வட்டி. யாரு கேக்கறது? கேஸ் போட்டா அடுத்த மாசம் ஆர்டர் பக்கத்து பட்டறைக்கு போயிடும். அந்த கம்பெனி பர்ச்சேஸ் ஆபீசர் எங்கப்பாவ வராண்டாவுல நிக்க வெச்சே "அடுத்த வாரம் பாக்கலாம்"னு அனுப்புவாரு. அப்பா 90 நாள் தவறுனா பேப்பர்ல பேரு வரும், அவருக்கு 120 நாள் தராம இழுத்தவங்க பேரு எந்த பேப்பர்லயும் வரல. 45 நாள் தாண்டி வருஷ முடிவுலயும் கொடுக்காத பில்லை அந்த வருஷ செலவா காட்ட முடியாதுன்னு வருமான வரியில 2023ல 43பி(எச்) கொண்டு வந்தாங்க, எங்களுக்கு அது வரும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு. இதை நினைச்சா இன்னிக்கும் ஆத்திரமா வருது.

சரி, விஷயத்துக்கு வரேன். ஏஆர்சி உங்க லோனை முழு விலைக்கு வாங்கியிருக்காது, தள்ளுபடியிலதான் வாங்கும், அதனால பேசறதுக்கு இடம் இருக்கு. ஆனா பேசறவங்க கையில பேப்பர் இருக்கணும். அந்த சலான் கணக்கு, பேங்க்கோட பதில் கடிதம் ரெண்டையும் மேஜை மேல வெச்சுத்தான் நான் பேசுனேன். கூட எங்க ஆடிட்டர் சார் வந்தாரு. தொகை குறைஞ்சு ஓடிஎஸ் (ஒரே தடவையில கட்டி முடிக்கற செட்டில்மென்ட்) கடிதம் வாங்கி, அம்மா நகையும் அப்பாரு வழியில வந்த காட்டுல ஒரு பங்கும் போச்சு, 2024ல கட்டி முடிச்சோம். ஏலத்துக்கு முன்னாடி முடிச்சுடணும்னு நான் பறந்ததுக்கு காரணம் 13(8). 2016 திருத்தத்துக்கு அப்புறம், ஏல நோட்டீஸ் வெளியாகறதுக்கு முன்னாடி மொத்த பாக்கியும் கட்டுனாத்தான் சொத்தை மீக்கற உரிமை. ஏலம் நடக்கற அன்னிக்கு காலையில பணத்தோட போய் நிக்கலாம்னு பழைய காலத்து ஆளுங்க சொல்றதை நம்பாதீங்க, 2023ல பாஃப்னா மோட்டார்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு.

உங்க நிலைமை எனக்கு தெரியாது, ஆனா யாரும் நோட்டீஸ் வராம அந்த பக்கத்தை புரட்ட மாட்டாங்க, அதனால தவணை நின்னிருக்குன்னே வெச்சுக்கறேன். இன்னும் எஸ்எம்ஏலதான் இருக்கு, உங்ககிட்ட உத்யம் சர்டிபிகேட்டும் (சிறு தொழில் பதிவு) இருக்குன்னா இன்னிக்கே அந்த நகலோட மறுசீரமைப்பு கேட்டு பேங்க்குக்கு எழுதுங்க. 25 கோடி வரைக்கும் இருக்கற சிறு தொழில் கடனுக்கு அதுக்குன்னே கமிட்டி வழி 2016லேர்ந்து இருக்கு. நாம சிறு தொழில்னு நாமதான் நேரத்துல சொல்லணும், எல்லாம் முடிஞ்ச பிறகு சொன்னா எடுபடாதுன்னு 2024 ப்ரோ நிட்ஸ் தீர்ப்புல இருக்கு. பேங்க்கும் இல்லாம வீட்டுக் கடன் கம்பெனியும் இல்லாம வேற ஃபைனான்ஸ் கம்பெனின்னா, லோன் 20 லட்சத்துக்கு கீழன்னா சர்ஃபேசில வர முடியாது. விவசாய நிலத்தையும் அந்த சட்டத்துல தொட முடியாது, ஆனா பத்திரத்துல மட்டும் நிலம்னு இருந்து பூமியில பட்டறை நின்னா அந்த வாதம் நிக்கறது கஷ்டம். பொசெஷன் நோட்டீஸ் வந்துடுச்சுன்னா 45 நாளுக்குள்ள 17வது பிரிவுல டிஆர்டிக்கு போகணும், கோயம்புத்தூர்லயே இருக்கு, இதுக்கு மட்டும் கண்டிப்பா வக்கீலை பாருங்க.

வீட்டுக் கடன் மாதிரி தனிநபர் கடன்னா, பணம் கட்டி முடிச்சா பத்திரம் 30 நாள்ல திரும்ப வரணும், அவங்க தப்பால தாமதம் ஆனா நாளுக்கு 5,000 ரூபாய் தரணும்னு 2023 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்கு, அதை கடிதத்துல குறிப்பிட்டே கேளுங்க. பத்திரம் வந்ததோட விட்டுடாதீங்க. வில்லங்கம் போட்டு பாத்தா பழைய அடமானம் அப்படியே நிக்கும், ஏஆர்சி ஆளை சார்பதிவாளர் ஆபீசுக்கு வர வெச்சு ரசீது பத்திரம் பதிஞ்சாத்தான் அது போகும். எங்களுக்கு இதுக்குத்தான் ரொம்ப அலைச்சல், கையெழுத்து போடற அதிகாரம் உள்ளவர் மும்பையில, பவர் பத்திரத்துல நம்பர் தப்புன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்புனாங்க. சிபில்லயும் பாத்துக்கங்க, ஓடிஎஸ்ல முடிச்சா "செட்டில்டு"ன்னுதான் விழும், முழுசா கட்டுனாத்தான் "க்ளோஸ்டு".

ஜாமீன் போட்டவங்க இருந்தா அவங்களுக்கும் இதெல்லாம் ஒரு செட் காப்பி கொடுங்க. அவங்க சிபில்லயும் இது ஏறும், அவங்க சொத்து மேலயும் வரலாம், எங்க மாமா அதை தெரிஞ்சுக்கிட்டதே அந்த ரிஜிஸ்டர் போஸ்ட்லதான்.