சீட் ஸ்பிரிங்கில் கிடைத்த தாள்: 1970 சேலஞ்சரின் ஆலைக் குறியீடுகளைப் படிப்பது எப்படி?

கேள்வி: 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். 440 இன்ஜின், ஆட்டோமேடிக், ஊதா நிறம். இன்ஜின் அறையில் இடப்பக்க ஃபெண்டரில் உள்ள தகட்டின் கீழ்வரியில் ‘இ86 டி32 ஜேஎஸ்23 யூ0பி’ என்றும் அதன்பின் வரிசை எண்ணும் உள்ளன. அதற்கு மேல்வரியில் ‘எஃப்சி7 எச்6எக்ஸ்9’, கடைசிப் பக்கம் ‘சி12’. மேலே வி1எக்ஸ், ஜி33, எம்21, என்41, 26 எனச் சில குறியீடுகள். ஆனால் பின்சீட்டைக் கழற்றியபோது ஸ்பிரிங்கில் சிக்கியிருந்த பில்ட் ஷீட்டில் இ44, எச்51 என்று இருக்கிறது. தாளின் மேல்பகுதியை எலி கடித்திருக்கிறது. பானெட்டில் ஷேக்கர் (பானெட்டின் துளை வழியே வெளியே நிற்கும், இன்ஜினோடு சேர்ந்து ஆடும் காற்றுக் கூடு) நிற்கிறது, ஆனால் தகட்டிலும் தாளிலும் என்96 இல்லை. 318 வண்டிக்கு வேஷம் கட்டி எனக்கு விற்றுவிட்டார்களா?

பதில்: இ44 என்றால் 318 கன அங்குல வி8, எச்51 என்றால் ஏசி. இ86 என்றால் 440, நான்கு பேரல் கார்புரேட்டர். இரண்டும் ஒரே வண்டியாக இருக்க முடியாது. அதனால் எது பொய் என்ற கேள்வியைச் சற்றே தள்ளிவைத்து, இந்தத் தாள் இந்த வண்டியுடையதுதானா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பில்ட் ஷீட் வாங்குபவருக்காக அச்சடித்த ஆவணம் அல்ல. அசெம்பிளி லைனில் நின்ற தொழிலாளிக்கு ‘இந்த வண்டிக்கு இந்தப் பாகத்தை மாட்டு’ என்று சொன்ன வேலைச்சீட்டு. ஒரே வண்டிக்குப் பல பிரதிகள் அச்சாகி, ஆலையின் வெவ்வேறு பகுதிகளுக்குப் போயின. வேலை முடிந்ததும் சில குப்பைக்குப் போயின, சில சீட் ஸ்பிரிங்கிலும் கார்பெட்டுக்கு அடியிலும் கிளவ் பாக்ஸுக்கு மேலேயும் தங்கிவிட்டன. லைனில் முன்னும் பின்னும் நின்ற வண்டியின் தாள் உங்கள் வண்டிக்குள் கிடைப்பது அபூர்வமே அல்ல. இன்னொன்றையும் மறக்காதீர்கள்: ஐம்பது வருடத்தில் பின்சீட் ஒரு முறையாவது மாறியிருக்கலாம். பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த சீட், தன் பழைய வண்டியின் தாளையும் சேர்த்தே கொண்டுவரும்.

தாளையும் தகட்டையும் இணைப்பவை இரண்டு: வின் எண் (வண்டியின் அடையாள எண்), ஆர்டர் எண். தகட்டில் தேதிக் குறியீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ஆர்டர் எண். அதே எண் தாளிலும் இருக்க வேண்டும். மேல்பகுதி போயிருந்தாலும் மிச்சத்தை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். அச்சு இயந்திரத்தின் எழுத்து காகிதத்தை அழுத்தியிருக்கும், மை மங்கினாலும் பள்ளம் தெரியும். இரண்டு எண்ணுமே கிடைக்கவில்லை என்றால் பெயின்ட், உள்ளலங்காரக் குறியீடுகளை ஒப்பிடுங்கள். தாளில் எஃப்சி7-க்குப் பதில் வேறு நிறம் இருந்தால் அது அடுத்தவர் வீட்டுத் தாள். நிறம் ஒத்துப்போனாலும் அது மட்டும் சான்றாகாது. அந்த ஊதா பிரபலமான நிறம்.

தாளை விட வலுவான சாட்சி வின் எண்தான். முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி டேஷ்போர்டின் மேல் ஓட்டுநர் பக்கம் தகடு இருக்கும். அதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஜே என்றால் சேலஞ்சர். எஸ் என்றால் ஸ்பெஷல் என்ற விலைப் பிரிவு, சேலஞ்சரில் அதுவே ஆர்/டி. சாதாரண சேலஞ்சராக இருந்தால் அந்த இடத்தில் எச் இருக்கும். 23 என்பது இரண்டு கதவு ஹார்ட்டாப், 27 கன்வெர்ட்டிபிள், 29 எஸ்இ என்ற சொகுசு வகை. ஐந்தாவது இடத்தில் உள்ள எழுத்துதான் உங்கள் கேள்விக்கு விடை: யூ என்றால் 440 நான்கு பேரல், ஆலை அறிவித்த திறன் 375 குதிரைத்திறன். ஜி என்றால் 318. எச் 340, வி மூன்று கார்புரேட்டர் பொருத்திய 440 சிக்ஸ் பேக், ஆர் 426 ஹெமி. அடுத்துள்ள 0 என்பது 1970 மாடல். பி மிச்சிகனின் ஹாம்ட்ராமிக் ஆலை; அங்கே இ இருந்தால் லாஸ் ஏஞ்சலஸ். வரிசை எண் 100001-இல் தொடங்கும்.

டேஷ்போர்டுத் தகட்டிலும் யூ இருந்தால், அந்தத் தகடு இந்த உடலுக்குச் சொந்தமா என்பதுதான் அடுத்த சோதனை. ரிவெட்டுகளின் தலை பூவிதழ் விரிந்ததுபோல இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் வட்டத் தலை ரிவெட்டோ, திருகோ இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பிறகு உடலில் குத்திய எண்ணைத் தேடுங்கள். ரேடியேட்டரைத் தாங்கும் மேல்சட்டத்தில் மாடல் ஆண்டு, ஆலை, வரிசை எண் மூன்றும் சேர்ந்து எட்டு எழுத்தாக, ‘0பி’ என்று தொடங்கிக் குத்தப்பட்டிருக்கும். பல தடவை பெயின்ட் அடித்த வண்டியில் இது நிரம்பிப் போயிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயின்ட் ரிமூவரை ஒரு துணியில் நனைத்துச் சிறிது சிறிதாக எடுங்கள். விபத்துக்குப் பின் இந்தச் சட்டம் மாற்றப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், எண் இல்லாதது மட்டும் மோசடிக்குச் சான்றாகாது. எண் இருந்து, அது வேறாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்ஜினில் அதே எட்டு எழுத்து வலப்பக்கம் ஆயில் பேன் விளிம்புக்கு அருகே குத்தப்பட்டிருக்கும். கிரீஸ் படிந்த இடம்; வண்டியைத் தூக்கிச் சுத்தம் செய்தால்தான் தெரியும். முன்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகில் உள்ள சமதளத்தில் ‘எஃப்’ எழுத்தும் 440-உம், உயர்திறன் இன்ஜின் என்பதற்கான ‘எச்பி’ எழுத்துகளும் தேதியும் இருக்கும். எஃப் என்பது 1970 மாடல். இந்தச் சமதளத்தைக் கூர்ந்து பாருங்கள். பிளாக்கை மெஷின் செய்து எண்ணைப் புதிதாகக் குத்தியவர்கள் உண்டு. அசலில் எழுத்துகள் சற்றே கோணலாகவும் ஆழம் ஒன்றுபோல் இல்லாமலும் இருக்கும். அளவெடுத்ததுபோல் நேர்த்தியாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இனி தகட்டுக்கு வருவோம். அதைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எதுவும் புரியாது. டி32 என்பது கனரக டார்க்ஃபிளைட் ஆட்டோமேடிக். டி21 இருந்தால் நான்கு கியர் மேனுவல். எஃப்சி7 என்ற ஊதாவை டாட்ஜ் ‘பிளம் கிரேஸி’ என்றது, அதன் சகோதர பிராண்டான பிளிமத் ‘இன்-வயலட்’ என்றது. இரண்டும் ஒரே பெயின்ட். இவி2-வும் அப்படியே: டாட்ஜில் ‘ஹெமி ஆரஞ்ச்’, பிளிமத்தில் ‘டார்-ரெட்’. எனவே பெயின்ட் வாங்கும்போது பெயரைச் சொல்லாமல் குறியீட்டைச் சொல்லுங்கள். எச்6எக்ஸ்9-இல் எச் உள்ளலங்காரத்தின் தரம், 6 வினைல் பக்கெட் சீட், எக்ஸ்9 கறுப்பு. வின்னில் எஸ், இங்கே எச் என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இது சீட்டின் தரத்தைக் குறிப்பது.

சி12 பலரை ஏமாற்றும். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபர் ஏ, நவம்பர் பி, டிசம்பர் சி. ஆக, இது டிசம்பர் 12. ஆண்டு 1970 அல்ல, 1969. 1970 மாடல் வண்டிகள் 1969 கோடையின் கடைசியிலேயே லைனில் ஏறிவிட்டன. தவிர, இது திட்டமிட்ட தேதிதான். வண்டி உண்மையில் வெளியே வந்த நாள் தள்ளிப்போயிருக்கலாம். இதன் பயன் வேறு: இன்ஜின் பிளாக், கண்ணாடி, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் தேதிகள் இதற்குச் சில வாரங்கள் முன்னதாக இருக்க வேண்டும். பிளாக்கில் 1970 மார்ச் என்று வார்த்திருந்தால், அது எவ்வளவு நல்ல 440-ஆக இருந்தாலும் இந்த வண்டியோடு பிறந்ததல்ல.

மேல்வரிகளில் வி1எக்ஸ் கறுப்பு வினைல் கூரை. ஜி33 இடப்பக்கம் உள்ளிருந்து திருப்பும் கண்ணாடி. எம்21 கூரை ஓர மழைநீர்ப் பட்டை. என்41 இரட்டை எக்ஸாஸ்ட். 26 என்பது 26 அங்குல ரேடியேட்டர். அதை 440-க்குச் சான்றாகக் காட்டும் விற்பனையாளர்கள் உண்டு. ஆனால் ஏசி பொருத்திய சின்ன இன்ஜின் வண்டிகளுக்கும் பெரிய ரேடியேட்டர் போயிருக்கிறது. தனியாக நின்று எதையும் நிரூபிக்காத குறியீடு அது.

குறியீடுகளைத் தனித்தனியாக மொழிபெயர்ப்பது எளிது. அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. போலித் தகடு செய்பவர் கவர்ச்சியான குறியீடுகளை அள்ளிப் போடுவார், ஒன்றுக்கு இன்னொன்று விதித்த நிபந்தனையை மறந்துவிடுவார். ஏ33, ஏ34 என்ற டிராக் பேக் (வலுவான பின் ஆக்சில்) தொகுப்புகள் நான்கு கியர் வண்டிகளுக்கு உரியவை. டி32 தகட்டில் அவை இருந்தால் தகடு பொய். ஹெமிக்கும் சிக்ஸ் பேக்குக்கும் ஏசி கிடையாது. ஹெமியின் இ74-உம் ஏசியின் எச்51-உம் ஒரே தகட்டில் வர முடியாது. உங்கள் 440 நான்கு பேரலுக்கு ஏசி கிடைத்தது, ஆனால் தகட்டில் எச்51 இல்லை. தாளில் இருக்கும் எச்51-ஐ நம்பி ஏசி பாகங்களைத் தேடிப் பணத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

டிராக் பேக்கோடு வந்தது டானா 60 பின் ஆக்சில். அதற்குப் பின்புறம் பத்து போல்ட் போட்ட மூடி இருக்கும். சாதாரணமாக வந்த 8¾ அங்குல ஆக்சிலுக்குப் பின்புறம் கழற்றும் மூடியே கிடையாது, பல்சக்கரத் தொகுதி முன்பக்கமாக வெளியே வரும். வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் தகட்டில் ஏ வரிசையில் எதுவும் இல்லாததால் 8¾-ஐத்தான் நான் எதிர்பார்ப்பேன்.

ஷேக்கர் விஷயத்தில் தகட்டைத்தான் நம்புவேன். அதன் குறியீடு என்96. ஷேக்கர் பாகங்களும், அதற்காக நடுவில் வெட்டிய பானெட்டும் இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பலர் ஆசைக்குப் பொருத்திக்கொண்டார்கள். அதில் தவறில்லை. விலை பேசும்போது மட்டும் அதை ஆலை ஷேக்கர் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் எல்லாக் குறியீட்டுக்கும் இந்தக் கறாரைக் காட்டாதீர்கள். தகட்டில் இடம் குறைவு, தாளில் உள்ள எல்லாமே அதில் ஏறுவதில்லை. வீல், டயர் போன்றவை தகட்டில் இல்லை என்பதாலேயே அவை அசல் அல்ல என்று முடிவு கட்டிவிட முடியாது. பில்ட் ஷீட்டுக்கு இத்தனை மதிப்பு இருப்பதே அதனால்தான்: விருப்பக் குறியீடுகளோடு டார்ஷன் பார், ஆக்சில் முதலியவற்றின் பாக எண்களின் கடைசி மூன்று இலக்கங்களும் அதில் இருக்கும்.

ஆலையிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லரின் காப்பகத்தில் தனித்தனி வண்டிகளின் தயாரிப்புப் பதிவுகள் 1967 மாடல் வரைதான் கிடைக்கின்றன. 1970-க்கு அந்த வழி அடைத்திருக்கிறது. ஃபோர்டு வண்டிகளுக்கு 1967 முதலான பதிவுகளை வைத்து அறிக்கை தருபவர்கள் உண்டு. போன்டியாக்குக்கும் அப்படி உண்டு. நமக்கு மிஞ்சியவை தகடும் தாளும் இரும்பில் குத்திய எண்களும்தான்.

ஆகவே உங்கள் வண்டியின் சொந்தத் தாளை இன்னும் தேடுங்கள். பின்சீட்டின் முதுகு, முன்சீட்டுகளின் அடிப்பக்கம், கிளவ் பாக்ஸ் பெட்டியின் மேல்புறம், பழைய கார்பெட்டின் சணல் அடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். சீட்டைப் பிரிக்கும்போது துணியைப் பிய்த்து இழுக்காதீர்கள். முதலில் ஸ்பிரிங் பக்கமிருந்து விளக்கடித்துப் பாருங்கள், பிறகு துணியைக் கம்பியோடு பிணைத்திருக்கும் வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். தாள் பெரும்பாலும் துரு ஏறி ஸ்பிரிங்கோடு ஒட்டியிருக்கும்.

மடிந்து காய்ந்த தாளைக் கையால் விரித்தால் மடிப்புக் கோட்டில் உடையும், அங்கே இருந்த எழுத்து தூளாகிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஈரத்துணி போட்டு, அதன் மேல் கம்பித் தட்டு வைத்து, தாளைத் தட்டின் மேல் கிடத்தி மூடுங்கள். தண்ணீர் தாளைத் தொடக் கூடாது, ஈரக் காற்று மட்டும் போதும். சில மணி நேரத்தில் காகிதம் இளகும். அவ்வப்போது திறந்து பாருங்கள். நீண்ட நேரம் விட்டால் பூஞ்சணம் பிடிக்கலாம். விரித்த பின் இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே சமமான எடை ஏற்றி உலரவிடுங்கள். ஒட்டு டேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, பாலியஸ்டர் உறையில் வைத்துவிடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் இ44 தாளுக்கும் இதே பராமரிப்பைச் செய்யுங்கள். அது உங்கள் வண்டியுடையது இல்லை என்றால், ஏசி பொருத்திய இன்னொரு 318 வண்டியின் கடைசிச் சான்றாக இருக்கலாம். வின் எண்ணின் சில இலக்கங்களாவது தெரிந்தால் குறித்து வையுங்கள். அந்த வண்டியை வைத்திருப்பவரும் இந்தத் தாளைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.