ஃபேன்டசி வீடியோ கேம்களின் கான்செப்ட் ஆர்ட் புத்தகங்களை எதற்காக விலை கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டும்?

கேம் உருவாகும்போது அதன் உலகையும் பாத்திரங்களையும் வரைந்து பார்க்கும் ஓவியங்களே கான்செப்ட் ஆர்ட். அந்தப் படங்கள் இணையத்திலேயே கிடைக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இவற்றைச் சேர்த்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இணையத்தில் அதிகம் பரவுவது முடிந்து மெருகேறிய ஓவியம். நல்ல ஆர்ட் புக்கில் அதனுடன், அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னர் ஓவியர் வரைந்து கைவிட்டவையும், ஏன் கைவிட்டார்கள் என்ற விளக்கமும் ஓர் ஒழுங்கில் கிடைக்கின்றன. நான் பணம் கொடுப்பது இவற்றுக்காகத்தான்.

கான்செப்ட் ஆர்ட் முதலில் விளையாடுபவருக்காக வரையப்படுவதில்லை. ஒரு கவசத்தை முப்பரிமாண உருவமாகச் செய்யப்போகும் மாடலருக்கு அதன் முன்புறமும் பின்புறமும் தெரிய வேண்டும். தோள்வார் எந்த வளையத்தில் கோக்கப்படுகிறது, எந்தப் பகுதி தோல், எது உலோகம், எது கிழிந்த துணி என்பதெல்லாம் தெரிய வேண்டும். கேமில் நம் கண்ணில் படாமலே போய்விடக்கூடிய ஒரு கொக்கிக்கும் ஓவியர் காரணம் யோசித்திருப்பதை அந்தத் தாளில் காணும்போது, ஓவியத்தின் மீதான மதிப்பு பல மடங்கு கூடுகிறது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011இல் வெளியிட்ட டார்க் சோல்ஸ் கேமின் 'டிசைன் ஒர்க்ஸ்' புத்தகத்தை. ஆங்கிலத்தில் உடான் நிறுவனம் வெளியிட்ட இந்தப் புத்தகத்தில், இயக்குநர் ஹிடேடகா மியாசாகியும் ஓவியர்களும் உரையாடும் நீண்ட நேர்காணல் ஒன்று உண்டு. உயிர் போயும் அடங்காமல் திரியும் டிராகன் ஒன்றுக்கு ஓவியர் முதலில் புழுக்கள் நெளியும் உடலை வரைந்து காட்டியபோது, மியாசாகி அதை ஏற்கவில்லை. அருவருப்பை நம்பி வரைய வேண்டாம், மாட்சிமை மிக்க ஒரு விலங்கு முடிவே இல்லாமல் மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும் துயரத்தைக் காட்ட முடியாதா என்பதே அவருடைய கேள்வி. அந்த ஒரு பத்தியைப் படித்த பிறகு, அதே கேமில் வரும் இன்னொரு டிராகனான கேப்பிங் டிராகனின் படத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கழுத்திலிருந்து வயிறு வரை உடல் பிளந்து, விலா எலும்புகள் இருபுறமும் பற்களாக நீட்டி நிற்க, உச்சியில் அதன் பழைய சிறு தலை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளையாடும்போது உயிர் தப்புவதிலேயே கவனம் போய்விடும் என்பதால், அந்தச் சிறு தலையை நின்று பார்க்க வாய்ப்பதில்லை, பக்கத்தில் பார்க்கலாம்.

ஃபைனல் ஃபேன்டசி கேம் தொடருக்கு வரைந்த யோஷிடகா அமானோவின் ஓவியங்கள் முற்றிலும் வேறு வகை. 1987இல் அதன் முதல் பாகம் வந்தபோது, நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் கருவி காட்டிய திரையில் ஒரு வீரன் விரல் விட்டு எண்ணக்கூடிய வண்ணங்களில் அமைந்த சிறு சதுரப் புள்ளிகளின் தொகுப்பு மட்டுமே. அமானோவோ இழை போன்ற கோடுகளாலும் நீர்வண்ணத்தின் மெல்லிய கசிவுகளாலும், காற்றில் அலையும் கூந்தலும் ஆடையுமாக அதே வீரனை வரைந்தார். திரையால் அன்று காட்ட முடியாததை ஆட்டக்காரர்களின் கற்பனைக்குக் கொடுத்த ஓவியங்கள் அவை. முதல் பாகம் தொடங்கிப் பத்தாம் பாகம் வரையிலான அவருடைய படைப்புகளை மூன்று தொகுதிகளாக ஒரே பெட்டியில் 'தி ஸ்கை' என்ற பெயரில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. ஒரே ஒரு தொகுப்புதான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

2011 நவம்பரில் வெளியான ஸ்கைரிம் கேமின் ஆர்ட் புக், அதில் வரும் ஆல்டுயின் என்ற டிராகனின் சிலையுடன் வந்த கலெக்டர்ஸ் எடிஷன் என்ற சிறப்புப் பதிப்பில் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அந்தக் கேமின் முதன்மை ஓவியர்களில் ஒருவரான ஆடம் ஆடமோவிச், கேம் வெளியான மூன்றே மாதங்களில், 2012 பிப்ரவரியில், நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அந்தக் குளிர்தேசத்தின் தோற்றத்தில் அவர் கைக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை அறிய இந்தப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். இன்று பெரும்பாலும் பழைய பிரதியாகத்தான் கிடைக்கும். வாங்குமுன் முதுகுத் தையலையும் பக்க ஓரங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

செல்டா கேம் தொடரில் பலரும் முதலில் வாங்குவது 2013இல் ஆங்கிலத்தில் வந்த 'ஹைரூல் ஹிஸ்டோரியா'. நல்ல புத்தகம்தான், ஆனால் அதன் கணிசமான பகுதியைக் கதைகளின் காலவரிசை எடுத்துக்கொள்கிறது. வடிவமைப்பு எப்படி வளர்ந்தது என்று பார்க்க விரும்புபவர்களுக்கு, அதே தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்டு கேமுக்காக 2018இல் வந்த 'கிரியேட்டிங் எ சாம்பியன்' எவ்வளவோ மேல். பொதுவாகவே, குறிப்புகளைப் படிக்க முடியாவிட்டால் பாதிப் பயன் போய்விடும் என்பதால், ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் ஆங்கிலப் பதிப்புக்காகக் காத்திருப்பது நல்லது. ஜப்பானிய முதல் பதிப்புகளின் அட்டையைச் சுற்றி வரும் ஓபி என்ற காகிதப் பட்டைக்காகவே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நாட்டமில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 விழுக்காடு சுங்க வரி விதிக்கப்பட்டதையும், இவற்றின் எடையால் அஞ்சல் செலவு ஏறுவதையும் கணக்கில் கொள்ளுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. வழவழப்பான ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வரும். வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, அவ்வப்போது எடுத்துப் புரட்டினால் பூஞ்சணமும் ராமபாணமும் அண்டாது. கனமான புத்தகங்களைச் சாய்த்து வைக்காமல் படுக்கவைத்தால் தையல் தளராது.

எதிலிருந்து தொடங்குவது என்றால், நீங்கள் விளையாடி முடித்த கேமின் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். அந்த உலகில் நடந்து பழகியவருக்குத்தான், வரைவில் இருந்த எந்தக் கோபுரம் கேமில் இல்லாமல் போனது, எந்த முகம் மாறியது என்பது பார்த்த உடனே புலப்படும்.