வாரத்துக்கு விட்ட பேடு

வணக்கம் ஐயா,

அடைக்கோழி பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்த பிறகுதான் இதை எழுதும் துணிவு வந்தது. எங்கள் வீடு யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் இருக்கிறது. அம்மம்மாவின் காலத்திலிருந்து கழுத்தில் இறகில்லாத ஊர்க்கோழிகள் எங்கள் வளவில் நிற்கின்றன. முன்கழுத்தில், தீன்பைக்குச் சற்று மேலே, ஒரேயொரு இறகுக் கொத்து மட்டும் இருக்கும். 2000ஆம் ஆண்டு போர் இடப்பெயர்வின்போது அம்மம்மா ஒரு சேவலையும் இரண்டு பேடுகளையும் கடகத்தில் வைத்துச் சீலையால் மூடிக் கட்டி வடமராட்சிக்குக் கொண்டுபோனார். திரும்பி வரும்போதும் அவற்றைக் கைவிடவில்லை. இன்று என்னிடம் ஒரு சேவலும் பத்துப் பேடுகளும் இருக்கின்றன.

நண்பர்கள் சேர்ந்து ஊரில் ஒரு கோழிக் கண்காட்சி நடத்த யோசிக்கிறோம். ஆனால், பொரிக்கும் குஞ்சுகளில் சில முழுக் கழுத்தும் வெறுமையாக வருகின்றன. சில சாதாரணக் கோழி போல இறகோடு வருகின்றன. இரத்தம் கலந்துவிட்டது, இறகுள்ளவற்றைக் கறிக்கு அனுப்பு என்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிளிமூக்குச் சேவல் ஒன்றை விட்டால் உருவம் எடுக்கும் என்கிறார் இன்னொருவர். கலக்க வேண்டாம், இருக்கும் சேவலையே அதன் குஞ்சுப் பேடுகளோடு விடு என்கிறார் மற்றொருவர். ஊர்க்கோழிக்குப் பரம்பரை என்று ஒன்று உண்மையில் உண்டா ஐயா?

தென்மராட்சியிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் அவசரமான விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். இறகுக் கழுத்தோடு வந்த குஞ்சுகளைக் கறிக்கு அனுப்பாதீர்கள். அவை கலப்பு அல்ல. உங்கள் அம்மம்மாவின் கோழிகளேதான் அவை. அதற்குச் சாட்சி நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒற்றை இறகுக் கொத்து.

கழுத்தில் இறகு முளைக்காமல் தடுப்பது ஒரேயொரு மரபணு மாற்றம். 2011இல் எடின்பரோவின் றொஸ்லின் நிறுவன ஆய்வாளர்கள் அதன் வழியைக் கண்டறிந்து எழுதினார்கள். இறகு முளைப்பதைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதம் இந்தக் கோழிகளின் தோலில் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. உடலின் மற்றப் பகுதிகளைவிடக் கழுத்துத் தோல் அந்தப் புரதத்துக்குக் கூடுதலாக வசப்படுகிறது. ஆகவே அங்கே இறகு வருவதில்லை. இந்த மாற்றம் தாய், தந்தை இரு பக்கத்திலிருந்தும் வந்தால் கழுத்து ஏறக்குறைய முழுவதும் வெறுமையாக இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் முன்கழுத்தில் கொத்து நிற்கும். உங்கள் சேவலிலும் பேடுகளிலும் கொத்து இருக்கிறது. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நான்கு குஞ்சில் ஒன்று முழு வெறுங்கழுத்து, இரண்டு கொத்துள்ளவை, ஒன்று இறகுக் கழுத்து. உங்கள் வளவில் நடப்பது அச்சொட்டாக இதுதான்.

இறகுக் கழுத்தோடு வந்த குஞ்சுப் பேடு அந்த ஒரு மாற்றத்தை மட்டும்தான் பெறவில்லை. கால், எலும்பு, குணம், அடைகாக்கும் பொறுமை எல்லாவற்றையும் உங்கள் அம்மம்மாவின் கோழிகளிடமிருந்தே பெற்றிருக்கிறது. அதை முழு வெறுங்கழுத்துச் சேவலோடு விட்டுப் பாருங்கள். பொரிக்கும் குஞ்சு அத்தனையும் கொத்தோடு வரும். இந்தச் சின்னக் கணக்குத் தெரியாமல் எத்தனை வளவுகளில் எத்தனை நல்ல பேடுகள் சட்டிக்குள் போயிருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வெறுங்கழுத்தை வேடிக்கையாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். இரு பக்கமும் பெற்ற கோழிக்கு உடல் முழுவதிலும் இறகின் அளவு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. சித்திரை, வைகாசி வெயிலில் மற்றக் கோழிகள் வேலியோரம் செட்டையை விரித்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது இது நிலத்தைக் கிளறிக்கொண்டு திரியும். நம் மண்ணின் வெக்கைக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பு எந்தக் கோழிக்கும் இல்லை.

இனிக் கண்காட்சிக்கு வருகிறேன். நீங்கள் அதை நடத்த வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் எதற்குப் பரிசு கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பரிசு எதற்கோ, கோழி அதுவாக மாறிவிடும். 1845இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் ஒரு கோழிக் கண்காட்சி நடந்தது. அதன்பின் அந்த மோகம் இங்கிலாந்தைப் பிடித்தது. எந்த இனத்துக்கு என்ன அங்க இலட்சணம் வேண்டும் என்று வகுத்த முதல் நூல் அங்கே 1865இலும், அமெரிக்காவில் 1874இலும் வந்தது. பல இனங்கள் இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு அந்தக் கண்காட்சிக்காரர்களே காரணம். அதை மறுப்பது நன்றி கெட்டதனம். ஆனால் ஸ்பானியக் கறுப்புக் கோழிக்கு நேர்ந்ததையும் மறக்கக் கூடாது. நிறைய முட்டையிடும் திடமான கோழி என்று அதற்குப் பெயர் இருந்தது. முகத்தில் வெள்ளைத் தோல் இருப்பது அதன் அழகு. நடுவர்கள் அந்த வெள்ளைக்குப் புள்ளி கொடுத்தார்கள். வளர்ப்பவர்கள் வெள்ளையைப் பெருக்கினார்கள். முகம் பெரிதாகிக் கொண்டே போனது, உடலின் திடம் குறைந்துகொண்டே போனது, கடைசியில் வளர்க்க ஆளில்லாமல் அருகிப்போனது.

ஆகவே உங்கள் கண்காட்சியில் தனிச் சேவலைக் கூட்டில் அடைத்து வைத்து மார்பையும் வாலையும் மட்டும் பார்க்காதீர்கள். தாய்ப் பேடும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து வரட்டும். எத்தனை முட்டை அடைக்கு வைத்தீர்கள், எத்தனை பொரித்தன, மூன்று மாதத்தில் எத்தனை மிஞ்சின என்று எழுதிய கொப்பி கூட்டின் மேல் இருக்கட்டும். நடுவர் அதையும் வாசித்துப் புள்ளி போடட்டும். பண்ணைகளில் முட்டைக்கென வளர்க்கும் கோழிகளிடமிருந்து அடைகாக்கும் குணத்தைத் தேர்ந்து தேர்ந்தே நீக்கிவிட்டார்கள். நம் ஊர்ப்பேட்டிடம் அது இன்னும் இருக்கிறது. நம்மிடம் இருப்பதில் மிகப் பெறுமதியானது அதுதான், ஆனால் கூட்டுக்குள் நிற்கும் கோழியைப் பார்த்து அதை யாரும் கண்டுகொள்ள முடியாது.

கிளிமூக்குச் சேவல் வேண்டாம். கிளியின் அலகு போல வளைந்த அந்த மூக்குக்கும் விசிறி போன்ற வாலுக்கும் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது அவர்கள் காத்த வழி. உங்கள் பேடுகளோடு அதை ஒருமுறை விட்டால் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சின் இரத்தத்திலும் பாதி அம்மம்மாவின் கோழியுடையதல்ல. திரும்பவும் உங்கள் பக்கத்துக்கே சேர்த்துச் சேர்த்து எட்டில் ஏழு பங்குக்கு வர இன்னும் இரண்டு தலைமுறை வேண்டும், அப்போதும் போனது எது, வந்தது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. யாராவது படகில் களவாகக் கொண்டுவந்த சேவல் என்றால் வளவுக்குள்ளேயே விடாதீர்கள். கூடவே என்ன நோய் வரும் என்று தெரியாது.

அப்பனையும் மகளையும் சேர்ப்பது அதைவிட நல்லதா? அவசரத்துக்கு ஒருமுறை செய்தவர்கள் உண்டு. ஆனால் அப்படிப் பிறக்கும் குஞ்சின் எந்த மரபணுவை எடுத்தாலும், அதன் இரண்டு பிரதிகளும் அந்த ஒரே சேவலிடமிருந்த ஒரே பிரதியாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒளிந்திருக்கும் குறைகள் அங்கேதான் வெளிவரும். முதலில் முட்டை பொரிப்பது குறையும், பிறகு குஞ்சுகள் காரணமில்லாமல் வாடும். பத்துப் பேடு இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். அடுத்த தலைமுறையின் இரத்தத்தில் சரிபாதி ஒரு சேவலிடமிருந்து வருகிறது. மரபியல் கணக்கின்படி ஒரு சேவலும் பத்துப் பேடும் சேர்ந்த கூட்டம், சேவலும் பேடும் சம எண்ணிக்கையில் உள்ள நான்கு கோழிக்குக்கூடச் சமமில்லை, 3.6 என்று வருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை உள்ளே இருக்கும் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 14 சதவீதம் கழன்றுபோகும். இன்னொரு சேவலைச் சேர்த்தாலே இழப்புப் பாதியளவாகக் குறைந்துவிடும். ஐந்து சேவல் என்றால் நான்கு சதவீதத்துக்கும் கீழே.

ஐந்து சேவலை ஒரு வளவில் எப்படி வைத்திருப்பது என்று கேட்பீர்கள். வைத்திருக்க முடியாது. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது எங்கள் அம்மா செய்த கடைசி வேலை கோழிக்கூட்டைத் திறந்துவிட்டது. உள்ளே ஒரு பேடு அடையில் இருந்தது. அது எழும்பவில்லை. கதவு திறந்த சத்தத்துக்குக் கழுத்தைச் சிலிர்த்து ஒருமுறை உறுமிவிட்டு மறுபடியும் முட்டைகளை வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொண்டது. முட்டைகளின் தடித்த பக்கத்தில் அம்மா கரித்துண்டால் கீறிய கோடு அந்த விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அடைக்கு வைக்கும்போது அப்படிக் கோடு போடுவார். பிறகு வேறு கோழி புகுந்து இடுகிற முட்டையைத் தெரிந்து எடுத்துவிடலாம். அடுத்த ஆண்டு நாங்கள் உரும்பிராய்க்குத் திரும்பியபோது வளவில் ஒரு இறகுகூட இருக்கவில்லை.

ஆனாலும் அம்மாவின் கோழி அழியவில்லை. இரண்டு வருடம் முன்பே ஒரு பேட்டைக் கரவெட்டியில் இருந்த பெரியம்மாவிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். பேடு இவருடையது, தீனும் காவலும் பெரியம்மாவுடையது, பொரிக்கும் குஞ்சில் ஆளுக்குப் பாதி. பெரியம்மா எட்டுக் குஞ்சுகளைக் கடகத்தில் அனுப்பிவைத்தார். ஒவ்வொன்றின் காலிலும் பச்சைச் சீலைத்துண்டு கட்டியிருந்தது.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். மூன்று வீடு பிடியுங்கள், ஒன்றுக்கொன்று எட்ட இருக்கட்டும். இராணிக்கெட் நோய் ஒரு வளவுக்குள் புகுந்தால் தடுப்பு மருந்து போடாத கோழிகள் சில நாட்களிலேயே கழுத்துத் திருகிச் செத்து விழும். மற்ற இரண்டு வீடுகள் தப்பும். பேடுகள் பிறந்த வீட்டிலேயே நிற்கட்டும். அங்கே பிறந்த சேவல்கள் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை முறை மாறட்டும்: முதல் வீட்டுச் சேவல் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டினது மூன்றாவதுக்கு, மூன்றாவதினது முதல் வீட்டுக்கு. அண்ணனும் தங்கையும் கூடவே மாட்டா. அருகிய இனங்களைக் காப்பவர்கள் வெளிநாடுகளில் கைக்கொள்ளும் முறை இதுதான். எங்கள் பெண்கள் வாரத்துக்கு விட்டும், அடை முட்டை மாற்றியும் செய்துவந்ததும் ஏறக்குறைய இதேதான்.

அடையாளத்துக்குச் சீலைத்துண்டு போதாது, அவிழ்ந்துவிடும். குஞ்சு பொரித்த முதல் நாளே கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே காலைப் பிடியுங்கள். விரல்களுக்கு நடுவே வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய தோல் தெரியும். அதில் சிறு துளை போட வேண்டும். வெட்டிய துண்டு முழுவதும் விழுந்துவிட்டதா என்று பாருங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் திரும்ப மூடிவிடும். ஒரு காலில் இரண்டு இடம், இரண்டு காலிலும் நான்கு. துளையிட்டதும் இடாததுமாக 16 அடையாளங்கள் கிடைக்கும். எந்த அடையாளம் எந்தத் தாய் என்பது கொப்பியில் இருக்கட்டும்.

சேவலைத் தேர்வதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஆறு மாதத்தில் அழகாக நிற்பதெல்லாம் இரண்டாம் வருடத்தில் நிற்பதில்லை. ஒரு மாரியும் ஒரு கோடையும் கண்ட சேவலையே அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது வீட்டை உங்கள் நண்பர்களுக்குள் தேடிக்கொள்ளுங்கள். மூன்றாவது வீடாக எங்கள் வளவு இருக்கட்டும். வேலி அடைத்துவிட்டேன், பழைய கூட்டுக்குக் கதவும் போட்டாயிற்று. மாரி தொடங்குமுன் மூன்று பேடுகளோடு வாருங்கள். அதில் ஒன்றாவது கழுத்தில் இறகுள்ளதாக இருக்கட்டும். குஞ்சில் பாதி உங்களுக்கு.