வேலியோரம் வாழைப்பழம் வைத்தால் கொய்யா தப்புமா?

கேள்வி: மாதவரம் தாண்டி கொசப்பூரில் அரை ஏக்கரில் கொய்யாவும் முருங்கையும் வைத்திருக்கிறேன். குரங்குக் கூட்டம் பிஞ்சைக்கூடக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது, முருங்கைப் பூவையும் உருவித் தின்கிறது. காட்டில் இலைதழை தின்கிற குரங்குக்கு இது எதற்கு? வேலியோரம் தினமும் வாழைப்பழம் வைத்தால் மரத்தை விட்டுவிடுமா?

பதில்: விடாது அண்ணே, வைக்கவே வைக்காதீர்கள். தினமும் சாப்பாடு உறுதி என்று தெரிந்தால் கூட்டம் உங்கள் தோட்டத்திலேயே குடியேறிவிடும், பழத்தைத் தின்றுவிட்டு அப்படியே கொய்யாவுக்கும் போகும்.

இலைதழையை நம்பி வாழ்வது மந்தி (லங்கூர்) என்கிற வேறு இனம். மேற்குத் தொடர்ச்சி மலைக் கருமந்திக்கு வயிறே பல அறையாக இருக்கிறது, மாட்டுக்கு மாதிரி உள்ளே நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கும். உங்களிடம் வருவது நாட்டுக்குரங்கு. அதற்கு அந்த வயிறு கிடையாது. ஆலம்பழம், அத்திப்பழம், புளி, பூ, கொழுந்து, விதை, பூச்சி, பறவை முட்டை என்று கிடைப்பதைத் தின்னும், அதனால்தான் காடு, கோயில், குப்பைமேடு எல்லா இடத்திலும் பிழைக்கிறது. மழைக்காட்டில் பலாவும் வெடிப்பலாவும் தின்று வாழ்கிற சிங்கவால் குரங்கே, காடு துண்டு துண்டான வால்பாறையில் வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிறது. தாய்லாந்துக் கடலோரத்தில் நீண்டவால் குரங்குகள் கல்லால் சிப்பியை உடைத்துத் தின்கின்றன என்றால் பாருங்களேன்!

இன்னொன்று, நாட்டுக்குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு. அவசரமாக அதில் அடைத்துக்கொண்டு ஓடி, மரத்தில் உட்கார்ந்து நிதானமாக மெல்லும். அதனால் நீங்கள் சத்தம் போட்டு விரட்டுவதற்குள் வேலை முடிந்துவிடும், வந்த பிறகு விரட்டிப் பயனில்லை.

முதலில் வேலிப்பக்கம் கொட்டுகிற எச்சில் சோறு, அழுகிய பழத்தை நிறுத்துங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், அவர் போட்டால் உங்கள் பாடு வீண். கொய்யா முற்றியதுமே பறித்துவிடுங்கள், மரத்தில் பழுக்க விடாதீர்கள். சின்ன மரம்தானே, வலையால் முழுசாக மூடி அடியையும் கட்டலாம். குரங்கை மிரட்ட வைக்கிற மந்தி பொம்மை கொஞ்ச நாளில் அதற்குப் பழகிவிடும், காசு வேஸ்ட். ஓரத்தில் மிளகாய், மஞ்சள், கருணைக்கிழங்கு போட்டால் பெரும்பாலும் அவற்றைத் தொடாது, ஆனால் அது கொய்யாவுக்குக் காவல் ஆகாது.

விஷம், கண்ணி எதுவும் வேண்டாம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள், பிடிக்க வேண்டும் என்றால் வனத்துறையிடம் மனு கொடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.