பக்கத்து வீட்டு ரம்புத்தான் கிளை நம்ம கூரை மேல வந்தா வெட்டலாமா?

கேள்வி: அக்கா, பக்கத்து வீட்டு அங்கிளோட ரம்புத்தான் மரம் வேலி தாண்டி எங்க கூரை மேல சாஞ்சிருக்கு, இலை விழுந்து மழைத்தண்ணி ஓடுற தகரம் பூரா அடைக்குது, சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. நானே வெட்டிடலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வெட்டலாம்மா, ஆனா உங்க எல்லைக்குள்ள வந்த கிளைய மட்டும். 1890கள்லயே, அப்போ இங்கிலாந்தோட உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை லெம்மன் எதிர் வெப் வழக்குல இப்படித்தான் தீர்ப்பு சொல்லுச்சு, 1956 சிவில் சட்டம் வழியா, தீர்ப்புகளால உருவான அந்தப் பொதுச்சட்டம் நம்ம மலேசியாவுக்கும் வந்திருக்கு. முன்கூட்டி சொல்லணும்னு கட்டாயமில்ல, இருந்தாலும் சொல்லிட்டே செய்ங்க, நாளைக்கும் அவர் மூஞ்சியத்தானே பாக்கணும். அவர் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்காதீங்க, வெட்டின கிளையும் அதுல இருக்கிற பழமும் அவருக்குத்தான் சொந்தம், பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வைங்க.

மரத்தையே சாய்ச்சிடலாம், வேருக்கு மருந்து ஊத்தலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. தரையிலருந்து அரை மீட்டர் உயரத்துல சுத்தளவு 0.8 மீட்டருக்கு மேல இருந்தா, 1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி மரத்துக்காரரே மாநகர் மன்றத்தோட எழுத்து அனுமதி இல்லாம வெட்ட முடியாது, பட்டுப்போன மரம், உடனே ஆபத்து தர்ற மரம்னா விலக்கு உண்டு.

கிளைய வெட்டுறதுக்கு முன்னாடி அந்தத் தகரத்த இன்னைக்கே சுத்தம் பண்ணுங்க, தேங்குன தண்ணில ஏடிஸ் கொசு பெருகினா டிங்கி வர்றது உங்க வீட்டுக்கு, அபராதமும் உங்களுக்குத்தான். பேச்சு முத்திப்போச்சுன்னா போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு உங்க தாமான் (குடியிருப்பு) ருக்குன் தெத்தாங்கா, அதாவது அக்கம்பக்கத்துக் குழு ஆளுங்களப் பாருங்க, ஒருமைப்பாட்டுத் துறை பயிற்சி குடுத்த சமூக நடுவர்கள் இந்த மாதிரி அக்கம்பக்கத்து சண்டைய பேசித் தீர்க்கத்தான் இருக்காங்க.