ஏன் எங்களிடம் கேட்கிறார்கள்? ஆய்வுகள் பற்றி வாசகர் கேள்விகள்

சர்வே, டிரையல், தீசிஸ் என்று வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சுகாதார சர்வே எடுக்க வந்த பெண்கள் என் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா “எனக்கும் பாருங்கம்மா” என்று கேட்டதற்கு முடியாது என்றுவிட்டார்கள். ஏன் இந்தப் பாகுபாடு? (நாமக்கல் வாசகி)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது தேசியக் குடும்பநல ஆய்வாக இருக்கலாம். மும்பை தேவ்னாரில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 1992-93 முதல் நடத்திவருவது. வைத்தியம் பார்ப்பது அதன் வேலை இல்லை, கணக்கெடுப்பதுதான். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 சுற்றில் தெரியவந்தது இப்படி விரல் விரலாகக் குத்திப் பார்த்துத்தான்.

ஒவ்வொரு பகுதியிலும் எல்லா வீடுகளையும் பட்டியல் போட்டு, அதிலிருந்து 22 வீடுகளைப் பொறுக்குவார்கள். ஆசைப்பட்டுக் கேட்பவர்களையும் சேர்த்தால், ஏற்கெனவே உடம்பு முடியாதவர்கள்தான் அதிகம் வருவார்கள். கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பதிலாக அடுத்த வீட்டில் நுழையவும் அனுமதி கிடையாது. அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள், அங்கேயே பார்ப்பார்கள்.

கேள்வி: மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அப்பாவை ஒரு மருந்து ஆய்வில் சேர்க்கச் சொல்கிறார்கள். புது மருந்து யாருக்கு என்பதை கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யுமாம். டாக்டருக்கே தெரியாத வைத்தியமா? (மதுரை வாசகர்)

ஆமாம், புது மருந்து கேட்குமா என்று டாக்டருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்படாது.

கொரோனா முதல் அலையை நினைத்துப் பாருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கேட்கும் என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2020 மார்ச்சில் ‘ரெகவரி’ என்ற ஆய்வைத் தொடங்கி, ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மற்ற பிரிவுகளுக்கு அதோடு ஒரு மருந்து. ஹைட்ராக்சிகுளோரோகுயினால் உயிர் பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் பல காலமாகப் புழக்கத்தில் இருந்த மலிவான டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இந்த மூன்றாவது விஷயம் முக்கியம். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் எல்லாருக்கும் கொடுத்திருந்தால், யாருக்குப் பலித்தது, யாருக்கு வீண் என்று இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

டாக்டரே ஆளைத் தேர்ந்தெடுத்தால் அவரை அறியாமலே புது மருந்தைத் தெம்பானவருக்குக் கொடுத்துவிடலாம். அதனால்தான் கம்ப்யூட்டர்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். புது மருந்து கிடைக்காத பிரிவில் விழுந்தால் வழக்கமான வைத்தியம் குறையில்லாமல் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் வைத்தியச் செலவு அவர்கள் பொறுப்பு. மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இந்த ஆய்வுக்கு உள்ள எண்ணையும் கேளுங்கள். 2009 முதல் இது கட்டாயம். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். கையெழுத்துப் போட்ட பிறகும், எந்த நாளிலும் விலகலாம். அதற்காக வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

கேள்வி: ஏழை ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால் தடுப்பூசி போடுவதில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்குப் பணம் செலவழித்து ஆராய்கிறார்கள்? (கோவை வாசகர்)

ஊருக்கே தெரிந்தது சரிதானா என்று பார்க்கத்தான். அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களாக இருந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் (2019 பொருளாதார நோபல் இவர்களுக்கும்தான்) ராஜஸ்தானின் உதய்ப்பூர் பக்கத்துக் கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். அரசு மையங்களில் ஊசி இலவசம். ஆனால் நடந்து போனால் நர்ஸ் இருப்பது நிச்சயமில்லை. சில கிராமங்களில் மாதம் தவறாமல் முகாம் போட்டார்கள். வேறு சிலவற்றில் முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு. எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டு.

ஒன்றும் செய்யாத கிராமங்களில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 6 சதவீதம்; முகாம் மட்டும் நடந்த இடத்தில் 18; பருப்பும் கொடுத்த இடத்தில் 39. பருப்பு வாங்கிய செலவைச் சேர்த்தும், எல்லா ஊசியும் போட்ட ஒரு குழந்தைக்கு ஆன செலவு முகாம் மட்டும் நடந்த இடத்தைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நர்ஸ் சம்பளம் அதேதான், வந்த குழந்தைகள்தான் அதிகம். அம்மாக்களுக்கு ஊசிமேல் விரோதம் இருந்திருந்தால் ஒரு கிலோ பருப்புக்காக மனம் மாறியிருப்பார்களா? அன்றைய கூலியை விட்டுவிட்டு வருவதுதான் தடை என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் 39 என்பது பாதிகூட இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: “செல்போன் பயன்பாடும் மன அழுத்தமும்” என்று மருமகன் அனுப்பிய கூகுள் ஃபார்மை நிரப்பி, பத்து பேருக்கு அனுப்பவும் செய்தேன். முடிவு எப்போது வரும்? (தஞ்சாவூர் வாசகி)

மருமகனுக்கு மார்க் வரும்போது. மாணவர்கள் கேள்வித்தாள் தயாரிக்கப் பழகுவதற்கான வேலை அது. உறவும் நட்பும் நிரப்பியதை வைத்து ஊர் நிலவரம் சொல்ல முடியாது.

கேள்வி: ஒரே ஆட்களைப் பிறந்ததிலிருந்து கிழவராகும் வரை துரத்திக் கேள்வி கேட்கும் ஆய்வுகள் உண்டாமே, எதற்கு? (சென்னை வாசகர்)

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் நடத்தும் டுனீடின் ஆய்வு அப்படிப்பட்டது. 1972-73இல் டுனீடின் நகரில் பிறந்த 1037 பேர். 45 வயதுச் சோதனைக்கு, உயிரோடு இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விமான டிக்கெட் போட்டு வரவழைப்பார்கள். நாற்பது வயதுக்காரரிடம் “சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள்” என்று கேட்டால் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்வார், நடந்ததை அல்ல. இவர்களிடம் அன்றைக்கே எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது. சிறுவயதில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரிந்த பிள்ளைகள் பெரியவர்களானபோது உடம்பிலும் பணவிஷயத்திலும் மேலாக இருந்தார்கள் என்று 2011இல் காட்ட முடிந்தது அதனால்தான்.

கேள்வி: பிஎச்.டி. மாணவி ஒருத்தி இருபதே பேரிடம் பேசி, பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாளாம். என் பாட்டியின் பேச்சை ரெக்கார்ட் செய்யக் கேட்கிறாள். இருபது பேர் ஓர் ஆய்வா? (தென்காசி வாசகி)

எத்தனை பேர் என்று எண்ண வேண்டுமானால் இருபது போதாது. கையில் காசு வந்தால் வீட்டில் யார் அதை வாங்கிக்கொள்கிறார்கள், இடுப்பு வலியோடு எப்படி உட்கார்ந்து சுற்றுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொருவரிடமும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அதற்கு இருபது போதும். பெயரை மாற்றி எழுதுவாளா, ரெக்கார்ட் செய்ததை யாரெல்லாம் கேட்பார்கள், எப்போது அழிப்பாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பாட்டிக்கு இஷ்டமிருந்தால் பேசட்டும். கையெழுத்துப் போடுவதும் மறுப்பதும் பாட்டிதான், நீங்கள் இல்லை.