தார்ச் சாலையில் தார்: கேள்வி பதில்

மகிந்திரா தார் 2020 அக்டோபர் 2 அன்று அடியோடு மாறி விற்பனைக்கு வந்தது. 2010இல் வந்த பழைய தாரைப் பல ஆண்டுகள் ஓட்டித் தேய்த்துவிட்டு, இப்போது புதியதை வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் தெரிந்தவர்களுக்கு மண்பாதையில் வண்டி ஓட்டப் பழக்கிவிடுகிறேன். பதில் சொல்ல எனக்குள்ள தகுதி இவ்வளவுதான். குழப்பம் வராமலிருக்க ஒன்று: கீழே ‘தார்’ என்றால் வண்டி, ‘தார்ச் சாலை’ என்றால் சாலை.

மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்? (சேலம்)

என் டீசல் வண்டி ஊருக்குள் 11, நெடுஞ்சாலையில் 14 தருகிறது. மண்ணில் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

பொலேரோ வைத்திருக்கிறேன். பழைய தாரையும் ஓட்டியிருக்கிறேன். புதியதில் உண்மையாகவே என்ன கூடியது, என்ன குறைந்தது? (கோவை)

கூடியதில் முதலிடம் பாதுகாப்புக்கு. பழையதில் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள்தான். உட்கார்ந்தவர்கள் பள்ளம் வரும்போதெல்லாம் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். இப்போது முன்னோக்கிய இருக்கைகள், பெல்ட், ஏர்பேக், கம்பிக்கூடு எல்லாம் இருக்கின்றன. 2020 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு 4 நட்சத்திரம், குழந்தைகளுக்கும் 4 நட்சத்திரம் வாங்கியது.

அடுத்தது சஸ்பென்ஷன். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் போய்க் காயில் ஸ்பிரிங் வந்தது. தரை இடைவெளி 200 மி.மீ.யிலிருந்து 226 ஆனது. எஞ்சினும் மாறியது: பழைய 2.5 லிட்டர் டீசல் 105 குதிரைத்திறன், புதிய 2.2 லிட்டர் 130. பெட்ரோலும் ஆட்டோமேட்டிக் கியரும் முதல்முறையாகக் கிடைத்தன.

குறைந்தது? வழியில் நின்றால் நீங்களே பிரித்துப் பார்க்கும் துணிவு குறைந்தது. பழைய வண்டி கோளாறு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே முனகும். இது எதுவும் சொல்லாது; ஒருநாள் காலையில் ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் காட்டும். பின்சக்கரங்களில் இன்னும் டிரம் பிரேக். இருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது பின்னால் இரண்டு பைகளுக்கு மேல் கொள்ளாது. இன்னொரு குறை வெளியே தெரியாது. இந்த வண்டி வேகத்தை மறைக்கிறது. பழைய தார் 80ஐத் தாண்டினால் உடம்பெல்லாம் நடுங்கி உங்களை எச்சரிக்கும். புதியது 110இலும் சாதுவாகப் போகும். ஆனால் உயரமும் குட்டையான நீளமும் அப்படியேதான் இருக்கின்றன. திருப்பத்தில் அவசரமாக ஸ்டீயரிங்கை வெட்டினால் அது நினைவுக்கு வரும்.

சென்னை மழையில் வழுக்காமலிருக்க 4எச் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம். 4எச் என்பது நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் நிலை. இதில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரென்ஷியல், அதாவது இரண்டும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. 4எச் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். திருப்பத்திலோ முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் போகவேண்டும். மண்ணாக இருந்தால் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். பிடிப்புள்ள தார்ச் சாலையில் சறுக்க முடியாது. ஸ்டீயரிங் இறுகும், வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோலத் திமிறும், அந்த முறுக்கமெல்லாம் கியர்பெட்டிமேல் ஏறும். தண்ணீர் தேங்கிய தார்ச் சாலையும் தார்ச் சாலைதான். வேகத்தைக் குறையுங்கள், போதும்.

வீட்டில் 76 வயது அம்மா இருக்கிறார். ஒரே வண்டியாக இதை வாங்கலாமா? (மதுரை)

மூன்று கதவுத் தார் வேண்டாம். முன்னிருக்கையை மடக்கி, காலைத் தூக்கிவைத்து, குனிந்து, உடம்பைத் திருப்பித்தான் பின்னால் ஏறவேண்டும். என் அத்தை ஒருமுறை ஏறினார். இறங்கியபின் அந்த வண்டியைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. ஐந்து கதவுகளோடு 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸைப் பாருங்கள். பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பெட்டி வைக்க நல்ல இடம், பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2450 மி.மீ.யிலிருந்து 2850 ஆகிவிட்டதால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டும் வாய்ப்பு கூடுதல். அம்மாவோடு மேடேறப் போவதில்லை என்றால் அது குறையே அல்ல.

முன்பக்கம் முழு ஆக்சில் இல்லாதது ஜீப்பா? பட்டை உடைந்தால் கூடலூரில் எந்தப் பட்டறையிலும் அடித்துப் போட்டுக்கொண்டு வருவேன். சென்சார் போனால் காட்டில் யானைக்குக் காவல் இருக்கவேண்டியதுதான். பழைய தார்தான் ஜீப். இது பொம்மைக் கார். (கூடலூர், 40 ஆண்டு ஜீப் அனுபவம்)

ஐயா, பட்டறை விஷயத்தில் உங்கள் கட்சி நான். ஆக்சில் விஷயத்தில் ஒரு திருத்தம். (முழு ஆக்சில் என்றால் இருபக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இறுகிய அச்சு.) 2010இல் வந்த பழைய தாரிலும் முன்பக்கம் முழு ஆக்சில் இல்லை. முறுக்கினால் ஸ்பிரிங்போல மீளும் கம்பியோடு (டார்ஷன் பார்) ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்தான். நீங்கள் மனதில் வைத்திருப்பது மகிந்திராவின் பழைய ஜீப்புகளான எம்எம் 540, கமாண்டர் காலத்து வண்டி.

முழு ஆக்சிலின் அருமை பாறையில் தெரியும். ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் மறுசக்கரத்தை அது கீழே அழுத்தும். இரண்டும் தரையை விடாது. தனித்தனி சஸ்பென்ஷனில் ஒன்று ஏறும்போது மற்றது அதன்போக்கில் தொங்கும், சில சமயம் அந்தரத்தில் நிற்கும். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் சக்கரம் அந்தரத்தில் நின்றபின் என்ன ஆகிறது என்பதையும் பார்க்கவேண்டும். சாதாரண டிஃபரென்ஷியல் ஒரு சோம்பேறி, எதிர்ப்பு இல்லாத பக்கமே திரும்பும். தூக்கிய சக்கரம் காற்றில் விர்ரென்று சுழலும், தரையில் இருப்பது சும்மா நிற்கும். புதிய தாரின் பின் அச்சில் இரண்டு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் இயந்திரப் பூட்டு தருகிறார்கள். மெதுவாகப் போகையில் ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்கு 100 சுற்று அளவுக்கு முந்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். பொத்தான் கிடையாது. முதுகுக்குப் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், வண்டி நகரும். இது எல்லா வகையிலும் வராது. எதில் உண்டு என்று ஷோரூமில் எழுதி வாங்குங்கள்.

அப்படியானால் கூடலூர் ஐயா சொன்னது தவறா? பட்டை ஸ்பிரிங் பாரம் தாங்குமே. (தேனி)

தாங்கும். தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றுபவர் பட்டை உள்ள வண்டியைத்தான் வாங்கவேண்டும். தாரை வாங்கினால் மூட்டைகளைப் பேரப்பிள்ளைகளைப் போல மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

முழு ஆக்சில் வேண்டுமென்றால் மாருதி ஜிம்னி வாங்கச் சொல்வதுதானே? முன்னும் பின்னும் உண்டு. அதைச் சொல்லாமல் மறைப்பது ஏன்? (திருச்சி)

மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. இங்கே 2023இல் வந்த ஐந்து கதவு ஜிம்னி தாரைவிட ஏறக்குறைய 500 கிலோ இலகுவானது. சேற்றில் அது பெரிய வரம்: தார் புதையும் இடத்தில் ஜிம்னி மிதந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 1.5 லிட்டர் பெட்ரோல் மட்டும்தான். நான்கு பேரும் மூட்டையுமாக மலை ஏறினால் கியரை மாற்றிமாற்றிக் கை சலிக்கும்.

ஏர்பேக் இல்லாமல் 40 வருடம் ஓட்டினேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? (மறுபடியும் கூடலூர்)

ஒன்றும் ஆகவில்லை, மகிழ்ச்சி. ஆகிவிட்டவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை, ஐயா.

பெட்ரோல் வண்டி மைலேஜ்?

டீசலைவிடக் குறைவு.

மணலில் ஓட்ட இந்த வண்டி எப்படி? ஆட்டோமேட்டிக் நல்லதா? (திருச்செந்தூர்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். புதிய வண்டி வாங்கிய மாதமே உங்கள் பக்கத்துத் தேரிக்காட்டு ஓரம், உறவினரின் பனந்தோப்புக்குப் போனேன். 4எல் (நான்கு சக்கரங்களுக்கும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நிலை) இருக்கிறது, பூட்டு இருக்கிறது என்ற மிதப்பு. தார்ச் சாலைக்கு வைத்திருந்த 30 பிஎஸ்ஐ காற்றோடு சிவப்பு மணலில் இறங்கினேன். முப்பதடி போயிருப்பேன். முன்பாகம் தாழ்ந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன், நான்கு சக்கரங்களும் நான்கு குழி தோண்டி, வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. கிளட்ச் கருகும் வாடை வேறு.

பனையடியில் இருந்த பெரியவர் எழுந்து வந்து, டயரை விரலால் சுண்டிப் பார்த்தார். “காற்றை இறக்குங்கள் தம்பி. கல்லுமாதிரி வைத்திருக்கிறீர்களே” என்றார். ஈர்க்குச்சியால் வால்வு முள்ளை அழுத்தி, மனதுக்குள் எண்ணி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினோம். 18 பிஎஸ்ஐக்கு வந்தபோது டயரின் பக்கவாட்டு மெல்லப் பிதுங்கி, மணலில் யானைக்கால்போல அகன்று படிந்தது. சக்கரங்களுக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, 4எல்லில் இரண்டாம் கியர் போட்டு மெதுவாக விட்டேன். நடந்து வருவதுபோல வெளியே வந்தது.

அந்த இடத்தில் எது வண்டியை வெளியே கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியும். 4எல் இஞ்சின் இழுவையை ஏறக்குறைய இரண்டரை மடங்காக்குகிறது. காற்று இறக்காத டயரில் அது இன்னும் ஆழமாகத் தோண்டத்தான் உதவியது. திரும்பி வரும்போது காற்று நிரப்பாமல் தார்ச் சாலையில் வேகமாக ஓட்டாதீர்கள், ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். கையடக்கக் கம்ப்ரசர் ஒன்று வாங்குங்கள். மணலுக்கு ஆட்டோமேட்டிக் நல்லது. கியர் மாற்றும் நேரத்தில் வேகம் விழாது, கருக கிளட்சும் இல்லை. தேரியில் வனத்துறை எல்லைக்குள் இறங்காதீர்கள்.

650 மி.மீ. தண்ணீரில் போகலாம் என்கிறார்களே?

நிற்கும் தண்ணீரில், மெதுவாக. 650 மி.மீ. என்பது சக்கர உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு. ஓடும் தண்ணீர் அதில் பாதி இருந்தாலே வண்டியை நகர்த்திவிடலாம். அடி தெரியாவிட்டால் இறங்காதீர்கள். இடையில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

மலைப் பயணம் மட்டும்தான். பின்சக்கர இயக்க மாடல் போதுமா? (ஈரோடு)

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச் சாலைதான். போதும். 2023 ஜனவரியில் வந்த அந்த 1.5 லிட்டர் டீசல், 4 மீட்டர் நீளத்துக்குள் 1500 சிசிக்குள் அடங்குவதால் வரியும் குறைவு. வண்டியின் தோற்றத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பெரிய டயர், கூரை விளக்கு மாட்டினால் போலீஸ் பிடிக்குமா?

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேளுங்கள்.

மழைக்காலத்தில் மட்டுமாவது 4எச்? (சென்னை, வேறொருவர்)

மேலே பாருங்கள்.

தேரியில் கிளட்ச் கருகியது என்றீர்களே, மாற்ற எவ்வளவு ஆனது? என் ஜீப்பில் அந்த வேலையை நானே செய்வேன். (கூடலூர்)

தொகையைச் சொல்லமாட்டேன், ஐயா. நீங்கள் சிரிப்பீர்கள்.